இங்கே ஒரு வரி வேண்டும்

அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு "ஸ்டூல் டாக்டர்" என்று பேர். வைத்தது யார் என்று தெரியாது. வார்டு ஆயாக்களாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் நிலைக்கிற பேரெல்லாம் அவர்கள் வைப்பதுதான். மற்ற சர்ஜன்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்று, சார்ட்டைப் புரட்டி, சார்ட்டிடமே நலம் விசாரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார்கள். இவர் மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் இரும்பு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்துவிட்டால் லேசில் எழுந்திருக்க மாட்டார். பின்னால் நிற்கிற நர்ஸுகளுக்குக் கால் கடுக்கும்.

உட்கார்ந்ததும் தானாக எதுவும் சொல்ல மாட்டார். "இன்னிக்கு ஏதாவது கேக்கணுமா?" என்பார். பாதிப் பேர், "சாப்பாட்டுல உப்பே இல்ல டாக்டர்" என்பார்கள். அதற்கும் நிதானமாகப் பதில் சொல்வார். உப்பில் ஆரம்பித்தவர்கள் மெல்ல மெல்ல உயிருக்கு வருவார்கள், அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் வேலை என்பது அவர் கணக்கு.

இந்தப் பொறுமை பிறவியில் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முப்பது வயதில் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். வயிற்றில் கட்டி என்றால் நாலு மணி நேரம் அசையாமல் நின்று அறுத்தெடுப்பார், கை அவ்வளவு சுத்தம். ஆனால் தையல் போட்டு முடித்த பிறகு அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரரிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னால் எரிந்து விழுவார். அப்படிப்பட்டவரை ஸ்டூலில் உட்கார வைத்தது ஒரு தையல்காரம்மா.

அந்த அம்மாவுக்கு வயிற்றில் புற்று. திறந்து பார்த்தபோது வயிறு முழுக்க விதை தூவின மாதிரி பரவிக் கிடந்தது. எடுப்பதற்கு ஒன்றுமில்லை. மூடித் தைத்துவிட்டு வெளியே வந்தார். நடைபாதையில் நின்றிருந்த கணவர் விஷயத்தைக் கேட்டதும் சுவரில் சாய்ந்தார். பிறகு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். தாங்க மாட்டா. ஏதோ புண்ணு, எடுத்தாச்சுன்னு சொல்லிடுங்க."

அந்தக் காலத்தில் எல்லா டாக்டர்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவரும் தலையாட்டினார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

தையல் பிரிக்க வந்த அன்று அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். "டாக்டர், நான் எப்ப பஸ் ஏறலாம்? எங்க அக்காவப் பாக்கப் போகணும். ஒன்பது வருஷமாப் பேச்சில்ல, ஒரு அற்பச் சண்டை. நோயாளியாப் போய் அவ முன்னாடி நிக்க மாட்டேன். நல்லா நடந்து போய் நிக்கணும்."

"உடம்பு தேறட்டும்மா. என்ன அவசரம்?"

என்ன அவசரம் என்று கேட்டது அவரேதான். நாலு மாதத்தில் அந்த அம்மா இறந்துபோனார். இரண்டு வாரம் கழித்து ஒரு காகிதப் பையோடு அக்கா வந்தார், வெளிநோயாளிகள் வரிசையில் சீட்டு வாங்கி, முறைப்படி காத்திருந்து. பையில் ஒரு நீலச் சட்டை. ஓரமெல்லாம் கையால் மடித்துத் தைத்தது. அக்கா அதை விரித்துத் தன் மேல் வைத்துக் காட்டினார். பாதி உடம்புக்குக்கூட அது போதாது.

"ஒன்பது வருஷத்துக்கு முந்தின அளவு டாக்டர். படுத்த படுக்கையில எனக்குன்னு தச்சிருக்கா. தெரிஞ்சிருந்தா அளவெடுக்கவாவது வந்திருப்பா. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆபரேஷன் அன்னிக்கு."

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் இவரும் திருப்பிக் கத்தி, மனசு ஆறியிருப்பார். சட்டையை மேஜை மேலேயே போட்டு, கையை மடக்கி, காலரைச் சரிசெய்து, அவசரமில்லாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அடுத்தவரைக் கூப்பிட டாக்டருக்கு வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். சாயங்காலம் சொல்வது அவர்கள் வீட்டில் பழக்கம். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அது கல்லில் வெட்டின மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவள் ஓர் அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே புரூஃப் பார்ப்பாள். ஜன்னலோரமாகச் சாப்பாட்டு மேஜை, அதன் ஒரு முனையில் காகிதக் கட்டு, கையில் பென்சில். இவர் எதிர் நாற்காலியில் டீயோடு உட்கார்ந்து, அன்றைய பொழுதைக் கொட்டுவார். பேர் சொல்ல மாட்டார். "இன்னிக்கு ஒரு லாரி டிரைவர்", "இன்னிக்கு ஒரு கணக்கு வாத்தியார்" என்றுதான் ஆரம்பிப்பார். அவள் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் எதையாவது சுழித்துக்கொண்டே, "அப்புறம்?" என்பாள். கேட்கிறாளா என்று சோதித்துப் பார்த்து இவர் பலமுறை மூக்குடைபட்டிருக்கிறார். குழந்தைகள் இல்லை. பின்னாளில் அதுவும் இருவரும் பேசி, அழுது, முடித்துவிட்ட விஷயமாயிற்று. வீட்டில் பேச இரண்டு வாய், கேட்க நாலு காது, அவ்வளவுதான்.

நீலச் சட்டையைப் பற்றிச் சொன்னபோது அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"யார்கிட்ட சொல்லணும்னு அந்த அம்மாகிட்டயே கேட்டிருக்கலாமே?"

"எப்பக் கேக்கறது? பாத்ததுக்கு அப்புறம் கேட்டா என் மூஞ்சியே சொல்லிடுமே."

"அதான் சொல்றேன். பாக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. உங்களுக்கே ஒண்ணும் தெரியாதப்ப கேளுங்க."

அவருடைய பாக்கி ஆயுள் முழுக்க இந்த ஒரு யோசனைக்குத்தான் செலவாயிற்று. ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியின் கையில் ஒரு தாளைக் கொடுக்க வேண்டும்: 'உள்ளே என்ன இருந்தது என்பதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்?' கேட்பதற்குச் சின்ன விஷயமாக இருக்கிறதல்லவா? ஆறு வருஷம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் மருத்துவ நெறிக் குழு என்று ஒன்று உண்டு. மாதத்தில் இரண்டாவது வியாழக்கிழமை கூடும், பிஸ்கட் சாப்பிடும், கலையும். அதன் தலைவரான பெரிய டாக்டர், "கத்தி பிடிக்கிற கைக்கு எதுக்குய்யா பேனா?" என்று ஒவ்வொரு வியாழக்கிழமையும் கேட்டார். இவரும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் போய் அதே தாளை நீட்டினார். கடைசியில் பெரிய டாக்டர் ஓய்வு பெற்றாரே தவிர, ஒத்துக்கொள்ளவில்லை.

தாளின் முதல் பிரதியை அவர் எழுதியபோது அது மூன்று பக்கம் வந்தது. 'நோயாளியானவர் தன் சுயநினைவுடன் தெரிவிக்கப்பட வேண்டியதாகக் கருதும் பட்சத்தில்' என்று ஆரம்பித்தது. அவள் படித்தாள். அவளுக்கு வளவளவென்று திருத்துகிற வழக்கம் கிடையாது. ஓரத்தில் ஒற்றை வார்த்தையில் கேட்பாள்: 'யார்?' 'எதை?' ரொம்பவும் குறைபட்டால், 'இங்கே ஒரு வரி வேண்டும்' என்று எழுதுவாள். அந்த மூன்று பக்கத்தில் பதினோரு இடத்தில் 'யார்?' என்று எழுதியிருந்தாள்.

"இதப் படிச்சு முடிச்சா மயக்க மருந்தே தேவையில்ல, அப்படியே அறுக்கலாம்" என்றாள்.

அவளே அதை அரைப் பக்கமாக்கினாள். இரண்டு கட்டங்கள், ஏதாவது ஒன்றில் டிக் போட்டால் போதும். ஒன்று: என்னிடம் சொல்லுங்கள். இரண்டு: என்னிடமும் இன்னாரிடமும் சொல்லுங்கள். இவர் சந்தோஷமாக எடுத்து மடிக்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மூணாவது ஒண்ணு போடுங்க. 'எனக்கு வேண்டாம், இன்னாரிடம் மட்டும் சொல்லுங்கள்'னு."

"அது கூடவே கூடாது. தெரிஞ்சுக்கறது நோயாளியோட உரிமை. அதுக்குத்தானே இவ்வளவு சண்டை?"

"வேண்டாம்னு சொல்றதும் அதே உரிமைதான். வேண்டாம்ங்கறவங்க வாயில ஊட்டினா அதுக்குப் பேரு உரிமையா?"

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே மூன்றாவது கட்டத்தையும் போட்டார். அடியில் அவர் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: 'எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கேட்டால் போதும்.' அந்தக் கேள்விக்கு வழி விடத்தான் தினமும் ஸ்டூலில் உட்கார்ந்து "ஏதாவது கேக்கணுமா?" என்று ஆரம்பித்தார்.

தாள் பிறகு ஊர் ஊராகப் போயிற்று. வேறு ஆஸ்பத்திரிகள் கேட்டு வாங்கின. வசவும் வாங்கித் தந்தது. ஒரு கட்டட காண்டிராக்டர் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்து, "எங்கப்பாவுக்கு நான்தான் எல்லாம், எங்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லுவ?" என்று சட்டைக் கையை மடித்தார். டாக்டர் தாளைக் காட்டி, "கட்டத்துல நீங்க இல்லையே தம்பி" என்றார். மகன் அடிக்காமல் போனது ஆச்சரியம். அன்று மத்தியானம் அந்தப் பெரியவர் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தானே சொன்னார். இருவரும் அழுதார்கள். டாக்டர் சாயங்காலம் இதை வீட்டில் சொன்னபோது அவள், "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டவர்கள் குறைவு. அவர்களைப் பற்றி அவர் மனதுக்குள் ஓர் எண்ணம் வைத்திருந்தார்: பாவம், பயப்படுகிறார்கள், போகப் போகத் தைரியம் வந்து கேட்பார்கள். வெளியே சொல்லமாட்டார். ஆனால் எண்ணம் அதுதான்.

அவருக்கு அறுபத்தொரு வயதானபோது மனைவிக்குக் கண் மஞ்சளாயிற்று. கணையத்தில் கட்டி. அது புற்று என்பதும், ஆபரேஷன் செய்தால் எடுத்துவிடலாம் என்று ஸ்கேன் காட்டியதும் அவளுக்கே தெரியும். சொந்த மனைவியை அறுக்கக் கூடாது என்று நெறிக் குழுவில் விதி எழுதியவரே இவர்தான். அதனால் கத்தியைப் பிடித்தது அவருடைய பிரிவிலேயே வேலை பார்த்த ஒரு பெண். ஆள் குள்ளம், கை வேகம், எல்லோருக்கும் சின்ன டாக்டரம்மா. இவர் வெளியே மரபெஞ்சில் உட்கார்ந்தார். முப்பது வருஷமாக மற்றவர்களை உட்கார வைத்த பெஞ்சு அது. இவ்வளவு குறுகலாக இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

சின்ன டாக்டரம்மா ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்தாள். எடுக்கக்கூடிய கட்டியாக இருந்தால் ஆறு மணி நேரமாவது ஆகியிருக்கும். அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய், காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் யாராவது ஸ்டூலை இழுத்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா?

"கல்லீரல்ல நிறைய இருக்கு சார். ஸ்கேன்ல தெரியாத அளவு சின்னச் சின்னதா. மஞ்சள் இறங்கறதுக்கு வழி பண்ணிட்டு மூடிட்டேன். ஆறு மாசம், ஏழு மாசம். உங்களுக்கே தெரியும்."

"அவ முழிச்சதும் நானே சொல்லிடறேன்."

சின்ன டாக்டரம்மா தாளை நீட்டினாள். காலையில் இவர் டீ வாங்கப் போயிருந்தபோது மனைவி பூர்த்தி செய்து நர்ஸிடம் கொடுத்திருக்கிறாள். மூன்றாவது கட்டத்தில் டிக். பக்கத்தில், புரூஃபில் எழுதுகிற அதே சின்னக் கையெழுத்தில்: 'என் கணவரிடம் மட்டும்.'

அவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். அவள் கைப்பட அரைப் பக்கமாக்கின தாள்.

மஞ்சள் இறங்கியது. அவளுக்குப் பசி எடுத்தது. மூன்று வாரத்தில் ஜன்னலோர மேஜைக்குத் திரும்பி வந்து பென்சில் சீவினாள். அவர் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"ஏன் அந்தக் கட்டம்? பயமா?"

"பயமெல்லாம் இல்ல. தெரிஞ்சுக்கிட்டா நான் உங்க நோயாளி ஆயிடுவேன். ஸ்டூலப் போட்டு உக்காந்து அந்தக் குரல்ல பேச ஆரம்பிச்சுடுவீங்க. நான் உங்க பொண்டாட்டியாவே இருந்துக்கறேனே."

சரி என்றார். சரி என்றுதான் சொல்ல முடியும். அந்த உரிமைக்காகத்தான் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார். ஆனால் அவர் உள்ளே பட்ட பாடு கொஞ்சமல்ல. முப்பத்து மூன்று வருஷத்தில் சாயங்காலம் அவளிடம் சொல்லாத கேஸ் இது ஒன்றுதான். எதிர் நாற்காலியில் டீயோடு உட்காருவார். அவள் காகிதத்தைப் பார்த்தபடி காத்திருப்பாள். அவர் குழாய் ரிப்பேர், மின்விசிறிச் சத்தம் என்று எதையாவது உளறுவார். "அப்புறம்?" என்பாள். இன்னிக்கு ஒரு பொம்பளை, புரூஃப் பாக்கறவங்க, இன்னும் ஆறு மாசம்தான், நான் என்ன பண்ணப் போறேன்னு தெரியல என்று அவளிடம்தான் சொல்லி அழ வேண்டும். வேறு யாரிடம் சொல்லியும் அவருக்குப் பழக்கமில்லை. எதிரே, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறவளுக்காக ஒரு மனிதன் இப்படி ஏங்க முடியுமா என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

ஆனாலும் அவரிடம் ஒரு வழி இருந்தது. தினமும் படுக்கப் போகுமுன் கேட்டார்: "இன்னிக்கு ஏதாவது கேக்கணுமா?"

அவளுக்கா புரியாது? "ஆமா, பால் வாங்கிட்டு வந்தீங்களா?" என்பாள். இன்னொரு நாள், "ஆமா, குறட்டைய எப்ப விடப் போறீங்க?" என்பாள். சிரிப்பார். அவள் ஒரு தடவை கேட்டுவிட மாட்டாளா என்று மறுநாள் மறுபடியும் கேட்பார்.

இரண்டாம் மாதம் அச்சக முதலாளி போன் செய்தார். பழைய அகராதி ஒன்றைத் திருத்தி மறுபடி போடுகிறார்களாம், ஆயிரத்து இருநூறு பக்கம், ஒன்றரை வருஷ வேலை, அவளைவிட்டால் ஆளில்லை. அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி போனை வைத்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஒத்துக்கட்டுமா?"

ஒத்துக்கொள் என்றால் பொய். தையல்காரம்மாவுக்குப் பிறகு அவர் எந்த நோயாளியிடமும் பொய் சொன்னதில்லை. வேண்டாம் என்றால், அவள் தெரியவேண்டாம் என்றதைச் சொன்னதாகிவிடும்.

"கட்டத்தை மாத்தணும்ங்கறியா?"

"கட்டம் கட்டமாவே இருக்கட்டும். நான் வேலையப் பத்திக் கேக்கறேன்."

"பெரிய வேலை அது" என்றார்.

"பாதிய மட்டும் எடுத்துக்கவா? அறுநூறு பக்கம்?"

"வேண்டாம்."

"முன்னூறு?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நூறு?"

"நூறு முடியும்" என்றார். "தினம் கொஞ்சமாப் பாத்தா நூறு முடியும்."

"அவசரப்படணுமா?"

"அவசரப்பட வேண்டாம். தள்ளிப் போடாதே, அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். காகிதங்களைத் தட்டி அடுக்கினாள். எழுந்து போய்த் தோளைத் தொடலாமா என்று நினைத்தார், தொட்டால் டாக்டர் தொட்டதாகிவிடுமோ என்று உட்கார்ந்திருந்தார்.

"நூறு பக்கத்துல யார்கிட்டயும் புஸ்தகம் இல்ல" என்றாள் அவள், பழைய குரலில். "நீங்களே எழுதுங்க. நோயாளிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எழுதச் சொல்லி இருபது வருஷமாக் கேக்கறாங்க. தலைக்கு மேல வேலைன்னு தட்டிக் கழிச்சீங்க. இப்பத்தான் சும்மா இருக்கீங்களே."

அப்படித்தான் அந்தப் புத்தகம் உண்டாயிற்று. காலையில் அவர் ஒரு பக்கம் எழுதுவார், கையால், ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு. சாயங்காலம் அவள் பென்சிலோடு உட்காருவாள். 'யார்?' 'எதை?' என்று எழுதித் தள்ளுவாள். தையல்காரம்மா, காண்டிராக்டரின் அப்பா, கணக்கு வாத்தியார் எல்லோரும் ஒவ்வொருவராக வந்தார்கள். "நீலச் சட்டைன்னு அன்னிக்குச் சொன்னீங்க, இங்க வெறும் சட்டைன்னு எழுதியிருக்கீங்க" என்று கண்ணில் விரலை விட்டு ஆட்டினாள். அவர் முப்பத்து மூன்று வருஷம் கொட்டியது ஒன்றையும் அவள் கீழே விட்டிருக்கவில்லை. அந்த மாதங்களில் அவர் சந்தோஷமாக இருந்தார் என்று சொன்னால் தப்பில்லை. சந்தோஷத்துக்கு நடுவிலேயே எழுதின பக்கங்களையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஐம்பது தாண்டியதும் இரண்டு நாளுக்கு ஒரு பக்கமாயிற்று. மஞ்சள் திரும்பி வந்தது. வலிக்கு மருந்து கூடிற்று. எழுபத்தொன்றாம் பக்கத்தில் அவர் மூன்றாவது கட்டத்தைப் பற்றி எழுதினார்: 'சொல்ல வேண்டாம் என்ற நோயாளி கேட்கும்வரை மருத்துவர் காத்திருக்க வேண்டும். கேள்வி ஒருநாள் வரும். வராமலும் போகலாம்.'

மறுநாள் அவள் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். அடியில் பென்சிலால், நடுங்கிய கையெழுத்தில் எழுதியிருந்தாள்: 'காத்திருப்பவர் பாடு என்ன? இங்கே ஒரு வரி வேண்டும்.'

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "நல்ல கேள்வி" என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வரி வருமா?"

"யோசிச்சு எழுதறேன். லேசுல எழுதற விஷயமில்ல இது."

"எழுதக்கூட வேண்டாம். வாயால சொன்னாலும் போதும்."

"இல்ல இல்ல, சரியா எழுதிக் குடுத்துடறேன். நாளைக்கு."

"சரி" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்று அவர் மேஜையில் உட்கார்ந்து அந்த ஒரு வரிக்கு மல்லுக்கட்டினார். எட்டுப் பத்து விதமாக எழுதி அடித்தார். பொதுவாக மருத்துவர்களுக்குப் பொருந்துகிற மாதிரி இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டார். மறுநாள் அவள் பெரும்பாலும் தூங்கினாள். சாயங்காலம் ஒருமுறை கண் திறந்து, "வரி?" என்றாள். "வந்துக்கிட்டே இருக்கு" என்றார். அதற்கடுத்த நாள் அவள் எழுந்திருக்கவே இல்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு காலியான பிறகுதான் அவருக்கு உறைத்தது. எழுபத்தொன்றாம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு நின்றபடியே படித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தினமும் படுக்குமுன் கேட்டுக் கேட்டு அவர் காத்திருந்த கேள்வி அதுதான். பென்சிலால் கேட்டாள். பிறகு வாயாலும் கேட்டாள், வாயால் சொன்னாலே போதும் என்றும் சொன்னாள். நோயைப் பற்றி அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாள் தனியாகச் சுமந்தீர்களே, உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டாள். எத்தனையோ பேர் உப்பிலிருந்து உயிருக்கு வருவதைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர், சொந்த வீட்டில் அதைப் புரூஃப் திருத்தம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். நாளைக்கு என்று வேறு சொல்லிவிட்டார்.

மீதிப் பக்கங்களை எழுதி, பழையவற்றைத் திருத்தி நகலெடுத்து, எழுபத்தொன்றை மட்டும் அப்படியே வைத்து, மொத்தத்தையும் அச்சகத்துக்கு அனுப்பினார். அங்கே கம்ப்யூட்டரில் அடித்த பையன் கண்டதையெல்லாம் அப்படியே அடித்துவிட்டான், அவளுடைய அந்தப் பென்சில் வரிகளையும் சேர்த்து. புரூஃப் வந்தது. அதைப் பார்க்க வீட்டில் ஆளில்லை, இவரே பார்த்தார். எழுபத்தொன்றாம் பக்கத்தில், அவருடைய வாக்கியத்துக்கு அடியில், அவருடைய வாக்கியத்தின் அதே எழுத்தில், அச்சாக நின்றது: 'காத்திருப்பவர் பாடு என்ன? இங்கே ஒரு வரி வேண்டும்.' அடிப்பதற்குப் பென்சிலை வைத்தார். கை வரவில்லை. அப்படியே விட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

புத்தகம் நன்றாகப் போயிற்று. மருத்துவக் கல்லூரிகளில் வாங்கினார்கள். படித்தவர்கள் பலரும் மரியாதையாக எழுதினார்கள், கடைசியில் தயங்கித் தயங்கி, எழுபத்தொன்றாம் பக்கத்தில் ஓர் அச்சுப்பிழை இருக்கிறது என்றும் எழுதினார்கள். இரண்டாம் பதிப்பு வரும் என்றபோது சின்ன டாக்டரம்மாவே புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"சார், இந்தப் பக்கம் மட்டும் தப்பா விழுந்திருக்கு. எடுத்துடச் சொல்லட்டுமா?"

"தப்பு இல்லம்மா. அது என்னைக் கேட்டது."

பென்சில் வரியோடு இருந்த பழைய தாளை எடுத்துக் காட்டினார். அவளுக்கு அந்தக் கையெழுத்து தெரியும், ஆபரேஷன் தாளில் பார்த்திருக்கிறாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "அந்த வரி எழுதிட்டீங்களா சார்?" என்று கேட்டாள்.

"எழுதிக்கிட்டிருக்கேன்."

உண்மைதான். இன்றைக்கும் சாயங்காலமானால் டீயோடு அதே மேஜையில், அதே நாற்காலியில் உட்காருகிறார். எதிர் நாற்காலியை யாரும் நகர்த்துவதில்லை. அவளுடைய பென்சிலை எடுத்து ஒரு வரி எழுதுவார், அடிப்பார். நேற்று எழுதினது, 'உன்னிடம் சொல்ல வேண்டும் போலவே இருந்தது' என்று. ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் அவள் 'எதை?' என்று எழுதுவாள் என்று தோன்றியது. தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "எல்லாத்தையும்தான்" என்று வாயால் சொன்னார். டீ ஆறிப்போயிருந்தது.